மானுக்குப் பிணை யார்?



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்து, பள்ளிவாசலுக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் நண்பர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். பேச்சு விலைவாசியில் தொடங்கி, வாடகையில் புகுந்து, எப்படியோ காட்டுக்குப் போய்விட்டது. ஒருவர் கேட்டார்: “இருட்டு வேளையில் மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு முன்னால் மான் ஒன்று வந்து நின்றுவிட்டால், அவன் மானைக் காப்பாற்றுவதா, தன்னைக் காப்பாற்றுவதா?”

ஆளுக்கொரு பதில் வந்தது. மனித உயிர்தான் பெரிது, மோதினாலும் குற்றமில்லை என்றார் ஒருவர். வாயில்லா ஜீவனை இடித்துவிட்டுப் போகிறவனுக்கு இரவில் தூக்கம் வருமா என்றார் மற்றொருவர். மூலையில் இருந்த ஹாஜியார் ஒருவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “உயிர் போகுமுன்னே கத்தி வைத்துவிட்டால் ஹலால்தானே?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நாம் மட்டும் சும்மா இருந்தோம். “என்ன பாய், நீங்கள் ஒன்றுமே பேசவில்லையே?” என்று கேட்டார்கள். அன்று சொல்லத் துணியாததை இப்போது எழுதுகிறோம். அந்தக் கேள்வி நம் கடை வாசலுக்கு ஏற்கெனவே வந்து போன கேள்வி.

நம்முடையது ஈசூன் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை. மசாலாச் சாமான்களும் நெய்யும் அதிகம் போகும். கிராஞ்சிப் பக்கத்தில் தொழிலாளர் விடுதிக்குச் சோறு சமைத்துக் கொடுக்கும் ஒருவர் நம்மிடம் நெடுநாள் பற்று வரவு உள்ளவர். ஒரு நாள் பொழுது சாயும் வேளையில் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நெய் தீர்ந்துவிட்டது, மசாலாவும் போதாது, இரவுச் சமையலுக்கு உடனே வேண்டும் என்றார். “அரை மணியில் வந்து சேரும்” என்று நாம் வாக்குக் கொடுத்துவிட்டோம். கடையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற தம்பிக்கு வயது இருபத்திரண்டு. நல்ல பிள்ளை. சாமான்களைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவனிடம், “வழியில் நிற்காதே, மண்டாய் ரோட்டில் கூட்டம் இருக்காது, விட்டு அடித்துப் போய்விடு” என்றோம். இந்த வார்த்தைகளை அப்படியே எழுதுகிறோம். பிறகு எத்தனையோ தடவை இவற்றை நமக்கு நாமே சொல்லிப் பார்த்திருக்கிறோம்.

மஃரிபு நேரம் தாண்டியிருந்தது. மண்டாய் ரோட்டின் இரு பக்கமும் மரம் அடர்ந்த இடத்தில், இடது ஓரத்திலிருந்து ஒரு மான் சாலையைக் கடந்தது. தம்பி அதைப் பார்த்தான். அது போய்விட்டது என்று கைப்பிடியை மறுபடி முறுக்கினான். அதன் பின்னாலேயே இரண்டாவது மான் வந்தது. வந்தது ஓடவில்லை, விளக்கைப் பார்த்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றுவிட்டது. தம்பி பிரேக்கை இறுக்கினான். பின்சக்கரம் வழுக்கி, வண்டி சாய்ந்து, கைப்பிடி மானின் விலாவில் இடித்து, வண்டி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகச் சரிந்தார்கள். பின்னால் வந்த வேன்காரர் தூரத்திலேயே நிறுத்தியது அல்லாஹ் செய்த கிருபை.

தம்பிக்குக் காறை எலும்பு முறிந்தது. முழங்கையில் தோல் உரிந்தது. தலைக்கவசம் தலையைக் காத்தது. நெய் டின் இரண்டும் பிளந்து சாலையெல்லாம் நெய். ரோட்டோரத்தில் உட்கார்ந்தபடியே அவன் நமக்குத் தொலைபேசி செய்தான். “முதலாளி, விழுந்துவிட்டேன்” என்றான்.

நாம் கேட்ட முதல் கேள்வி: “சாமான் என்ன ஆயிற்று?”

அடுத்த கேள்வி அவனைப் பற்றியதுதான். முதல் கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் இடையே ஒரு மூச்சு நேரம்கூட இருந்திராது. ஆனாலும் எது முதலில் வந்தது என்பது நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். வண்டியை மறுநாள் எடுத்து வந்தபோது கண்ணாடித் தண்டில் பழுப்பு மயிர் சிக்கியிருந்தது. விளக்கின் விளிம்பில் கொஞ்சம் இரத்தம் காய்ந்திருந்தது. அந்த மான் எழுந்து நொண்டிக்கொண்டே காட்டுக்குள் போயிற்றாம். பிழைத்ததா, உள்ளே போய் விழுந்து செத்ததா, யாருக்கும் தெரியாது.

நிற்க. குற்றம் யாருடையது என்று விசாரிப்போம். வழக்கம்போல் வாய் பேசாதவரிடமிருந்தே தொடங்குவோம்.

சிங்கப்பூரில் மான் ஏது என்று கேட்கும் சகோதரர்கள் உண்டு. இது கடமான், மலாய்க்காரர்கள் ரூசா என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு சாம்பார் என்று பெயர். நம் குழம்புக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வளர்ந்த ஆண் மான் 200 கிலோவுக்கு மேலும் நிறை வரும். அஃதாவது நம் கடையில் அடுக்கியிருக்கும் 25 கிலோ அரிசி மூட்டையில் எட்டு மூட்டை, நான்கு காலில் எழுந்து வந்து சாலையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீவில் ஆதியில் இருந்த கடமான்கள் வேட்டையிலும் காடழிப்பிலும் பட்டு, 1940-களோடு அற்றுப்போய்விட்டன என்றே கருதப்படுகிறது. இப்போது மண்டாயில் உலவுபவை 1970-களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பி வெளியேறிய சில மான்களின் வம்சம் என்கிறார்கள். வந்த இடத்தில் கிடைத்ததைத் தின்று, குட்டி போட்டு, ஊரோடு ஊராகிவிட்ட கூட்டம். நம் பாட்டன்மாரின் கதையும் ஏறக்குறைய அதுதானே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டோம்.

காட்டின் கதையையும் சொல்ல வேண்டும். புக்கிட் தீமா விரைவுச்சாலை 1986-இல் முடிந்தபோது, ஒன்றாக இருந்த காடு நடுவே அறுபட்டு இரண்டாயிற்று. அதை மறுபடி ஒட்டுவதற்கு 2013-இல் அந்த விரைவுச்சாலைக்கு மேலே, விலங்குகளுக்கென்றே ஒரு பாலம் கட்டினார்கள். ஏறக்குறைய 60 மீட்டர் நீளம். மேலே மண் நிரப்பி மரம் நட்டிருக்கிறார்கள். மனிதருக்கு அங்கே நடமாட அனுமதியில்லை. மண்டாய் ரோட்டுக்கு மேலேயும் 2019 டிசம்பரில் அப்படி ஒரு பாலம் திறந்தார்கள். மான்கள் அதில் போகின்றன. ஆனால் எல்லா மானும் எல்லா நாளும் பாலத்தைத் தேடிப் போவதில்லை. பாதசாரிகளுக்கு மேம்பாலம் கட்டிய பிறகும் நம்மவர்கள் கீழே புகுந்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையல்ல.

மானின் சுபாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது வெயிலில் ஒதுங்கி, அந்தி மயங்கும் போதும் வைகறையிலும் மேயக் கிளம்பும். நாம் கடையடைத்துக் கிளம்பும் வேளையும், சந்தைக்குச் சரக்கெடுக்கக் கிளம்பும் வேளையும் அதுவே. அதன் கண்ணின் உட்புறத்தில் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு. மங்கல் வெளிச்சத்திலும் பார்ப்பதற்காக அமைந்தது. இருட்டுக்குப் பழகிய அந்தக் கண்ணில் நம் முன்விளக்கு பாயும்போது அதற்கு ஒன்றும் தெரியாமல் போகிறது. அதனால் நின்றுவிடுகிறது. “முட்டாள் மான், ஓடக்கூடவா தெரியவில்லை?” என்று நாம் திட்டுகிற அந்த நிற்றல், நம் விளக்கு செய்கிற காரியம். மேலும் பெண் மான் குட்டியோடும் கூட்டாளியோடும் போகும். ஒன்று கடந்ததென்றால் பின்னால் இன்னொன்று இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். தம்பி பிழைத்தது முதல் மானிடம், விழுந்தது இரண்டாவதிடம்.

மான் மீது குற்றம் சாட்ட நம்மால் முடியவில்லை. ஓட்டியவனைப் பார்ப்போம்.

வேகம் எவ்வளவு என்று மருத்துவமனைக் கட்டிலில் அவனைக் கேட்டபோது, “எண்பது இருக்கும் முதலாளி” என்றான். வரம்பை மீறிய வேகந்தான். நாம் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். இதையும் கணக்காகவே பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடியில் 22 மீட்டர் போகிறோம். கண் பார்த்து, மூளை அறிந்து, கை பிரேக்கை இறுக்குவதற்கு ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். பிறகு வண்டி நிற்பதற்கு, காய்ந்த சாலையில், இன்னும் ஒரு 35 மீட்டர். ஆக ஏறக்குறைய 70 மீட்டர். கடைவீதியில் பத்துப் பன்னிரண்டு கடை வாசல். அதே வண்டி 50-இல் போனால் எல்லாம் சேர்ந்து 35 மீட்டரில் நின்றுவிடும். வேகம் இரட்டிக்கவில்லை, தூரம் இரட்டித்துவிட்டது. மோட்டார் சைக்கிளின் தாழ்ந்த விளக்கு தெளிவாகக் காட்டுவதோ 40, 50 மீட்டர்தான். எனவே 80-இல் போனவன் தன் விளக்கைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். விளக்கின் எல்லையில் மான் தெரிந்தபோதே, அவன் நிற்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டான். கையில் உள்ள முதலுக்கு மேல் கைமாற்று வாங்கிச் சரக்கு பிடித்தவனின் நிலை இது. எதிர்பாராத ஒரு செலவு வந்ததும் கடை விழுந்துவிடும்.

அப்படியானால் தேநீர்க் கடைக் கேள்விக்கு என்ன பதில்? மானையா, தன்னையா? இதில் நமக்குச் சந்தேகமில்லை. மனித உயிரே முந்தியது. அதிலும் பின்னிருக்கையில் மனைவியோ பிள்ளையோ இருந்தால், மானுக்கு இரங்கி வண்டியை ஒடிப்பது இரக்கத்தில் சேராது. இடப்பக்கம் வடிகால், வலப்பக்கம் எதிரே வரும் லாரி. எதில் போய் விழுவது? வண்டி ஓட்டக் கற்பிக்கிறவர்களும் இதையே சொல்கிறார்கள். வண்டியை நேராகப் பிடி, இரண்டு பிரேக்கையும் சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி படிப்படியாக அழுத்து, எவ்வளவு வேகத்தைக் குறைக்க முடியுமோ குறைத்துக்கொள், கடைசி நேரத்தில் திருப்பாதே என்கிறார்கள். மான் எந்தப் பக்கம் துள்ளும் என்று மானுக்கே தெரியாது. இந்த விபத்துகளில் பலர் சாவது மான் இடித்ததால் அன்று. அதற்குப் பிறகு விழுந்து புரண்டு வேறெதிலோ மோதுவதாலேயே. (மானை விரட்டும் விசில் என்று வண்டியில் பொருத்த ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள். சோதித்துப் பார்த்த ஆராய்ச்சிகளில் அதற்குப் பலன் தெரியவில்லை. நாமும் வியாபாரிகள்தாம், ஆனால் அதை நம் கடையில் வாங்கி வைக்க மாட்டோம்.)

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது போலத் தோன்றுகிறது. கிடைக்கவில்லை. தம்பியிடம் நாம் இதைச் சொன்னபோது அவன் நம்மை வெறுமனே பார்த்தான். “முதலாளி, எனக்கு யோசிக்க நேரம் எங்கே இருந்தது? கை தானாக இறுக்கியது” என்றான். உண்மைதான். ஒன்றரை விநாடியில் நியாயம் தீர்க்கிறவன் எவனும் இல்லை. மானா மனிதனா என்று தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நாம் தராசில் நிறுக்கிறோம். சாலையில் இருப்பவனுக்குத் தராசே கிடையாது. அவன் தேர்ந்தெடுக்கக்கூடிய நேரம் ஒன்று இருந்திருக்குமானால் அது அதற்கு முன்னால் இருந்தது. மரம் அடர்ந்த வளைவுக்குள் நுழையும்போது கைப்பிடியைத் தளர்த்தியிருக்கலாம். முதல் மான் கடந்தபோது நின்றிருக்கலாம். அவன் ஏன் செய்யவில்லை?

நாம் ‘அரை மணி’ என்று சொல்லியிருந்தோம், அதனால் செய்யவில்லை.

இங்கேதான், சகோதரர்களே, விசாரணை நம் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த 80 கிலோமீட்டர் வேகத்தை முறுக்கிய கை தம்பியுடையது. முறுக்கச் சொன்ன வாய் நம்முடையது. நாம் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்தோம். அவன் இருட்டில் அதை நிறைவேற்றப் போனான். அந்த வாக்கின் விலையையும் கணக்கிட்டுப் பார்த்தோம். காட்டோரமாக 5 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், 80-இல் போகிறவன் மூன்றே முக்கால் நிமிஷத்தில் கடப்பான். 50-இல் போகிறவன் 6 நிமிஷத்தில் கடப்பான். வித்தியாசம் இரண்டே கால் நிமிஷம். அந்த இரண்டே கால் நிமிஷத்தில் நெய் உருகியிருக்காது, அடுப்பு அணைந்திருக்காது. வாடிக்கைக்காரர் ஒரு பீடியைப் பற்ற வைத்து முடிக்கும் நேரம்கூட ஆகாது. இதற்காகவா ஒரு தாயின் பிள்ளையை விளக்கில்லாத இடத்துக்கு அனுப்பினோம்?

“அவன் வரம்பை மீறி ஓட்டினால் நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்?” என்று ஒரு நண்பர் நமக்கு ஆறுதல் சொன்னார். சட்டத்தில் அது செல்லலாம். ஆனால் நம் கடையிலிருந்து எடை குறைந்த பொட்டலம் போனால், நிறுத்தவன் பையன், நமக்கென்ன என்று நாம் சொல்வதுண்டா? தராசு நம்முடையது என்றால் எடையும் நம்முடையதே.

இனி ஹாஜியாரின் கேள்வி. அன்று சிரித்துவிட்டோம் என்றாலும் அது கேட்கத் தகாத கேள்வி அன்று. காட்டு வழியில் போகிற பலர் மனத்தில் இருப்பது. மான் ஹலாலான பிராணிதான். ஆனால் அடிபட்டே செத்துப் போனதை உண்ணலாகாது என்பது சூரத்துல் மாயிதாவில் பெயர் சொல்லி விலக்கப்பட்டது. நிலையான உயிர் இருக்கும்போதே முறைப்படி அறுத்தால் கூடும் என்று நம் ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் உண்டு; துடித்து அடங்குகிற நேரத்தில் கத்தி வைப்பது அதில் சேராது. நாட்டுச் சட்டமோ வேறு. சிங்கப்பூரில் 2020-இல் திருத்தி வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி அனுமதியின்றிக் காட்டு விலங்கைக் கொல்வதும் எடுத்து வைத்துக்கொள்வதும் குற்றம். மலேசியாவிலும் 2010-இன் வனவிலங்குச் சட்டம் அனுமதிச் சீட்டுக் கேட்கிறது. ஆகவே அடிபட்ட மானைக் கண்டால், கிட்டப் போகாமல், வண்டியை ஓரங்கட்டி, பின்னால் வருகிறவர்களுக்கு விளக்குப் போட்டுக் காட்டி, உரிய இலாகாவுக்குச் சொல்வதே முறை. அடிபட்ட மான் காலை வீசினால் விலா எலும்பு போய்விடும். கறியைப் பற்றி இவ்வளவு போதும்.

நமக்கு உறக்கத்தைக் கெடுத்தது வேறொரு சங்கதி. தம்பிக்குச் சேர வேண்டியதை, வேலை விபத்துக்குச் சட்டம் என்ன சொல்கிறதோ அதன்படி கொடுத்தோம். கொஞ்சம் மேலேயும் கொடுத்தோம். வண்டி பழுது பார்த்தோம். வாடிக்கைக்காரருக்கு வேறு நெய் அனுப்பினோம். பேரேட்டில் எல்லாம் நேராகிவிட்டது. ஒரு வாரம் கழித்து, கைக்குத் தூளி கட்டிக்கொண்டு கடைக்கு வந்த தம்பி, முக்காலியில் உட்கார்ந்து, “அது பிழைத்திருக்குமா முதலாளி?” என்று கேட்டான். எது என்று கேட்க நமக்கு நாவெழவில்லை. தெரியவில்லை என்றோம். அடுத்த நாளும் கேட்டான்.

மாட்டை இடித்தால் மாட்டுக்காரன் வந்து சண்டை போடுவான். ஆட்டை இடித்தால் ஆட்டுக்காரன் விலை கேட்பான். கொடுத்துவிட்டால் தீர்ந்தது. மானுக்கு உடையவன் யாருமில்லை. பில் கொண்டு வந்து நீட்ட ஆளில்லை. கேட்க ஆளில்லாத கடன், கடனா இல்லையா? வியாபாரத்தில் இதை நாம் அறிவோம். பாக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போனவர் மௌத்தாகிவிட்டார், வாரிசும் யாரென்று தெரியவில்லை என்றால் நம்மிற் சிலர் அந்தக் கணக்கை அடித்துவிடுகிறோம். ஆனால் நாம் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருந்து, அவர் கேட்க வராமற்போனால்? கேட்கவில்லையே என்று அடித்துவிட முடியுமா? நல்ல முதலாளிமார் அந்தத் தொகையைத் தனி ஏட்டில் எழுதி வைத்திருந்ததை நாம் கண்ணாலே கண்டிருக்கிறோம். மலேசிய மத்திய வங்கியின் சின்னமே கிஜாங் மான்தான். 2001-இல் வந்த தங்கக் காசுக்கும் அதன் பெயரைத்தான் வைத்தார்கள். பணத்தின் மேலே மானை அச்சடிக்கிறோம். மானின் பேரில் பற்று எழுதிய ஏடு எந்தக் கடையிலாவது உண்டா?

அப்போது நமக்குச் சீறாப்புராணம் நினைவுக்கு வந்தது. சிறு வயதில் வீட்டில் பெரியவர்கள் படிக்கக் கேட்டது. உமறுப்புலவர் அதில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ என்றே ஒரு படலம் வைத்திருக்கிறார். வேடன் ஒருவன் பெண் மானைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். குட்டி பசியோடு காத்திருக்கும், பாலூட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று அது முறையிடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த மானுக்காக வேடனிடம் பிணை நிற்கிறார்கள். மான் போய், சொன்ன சொல் தவறாமல் குட்டியோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் மானின் வாய்மையையே நாம் வியந்திருக்கிறோம். இந்த முறை நம் மனம் பிணை என்ற சொல்லில் தங்கிற்று. பிணை என்றால் என்னவென்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? வாங்கியவரும் நாமல்ல, கொடுத்தவரும் நாமல்ல. ஆயினும் நடுவில் நின்று, இவர் தவறினால் நான் தருகிறேன் என்று கையெழுத்துப் போடுவது. அந்த வேடனுக்கும் மானுக்கும் இடையே அவர்கள் நிற்க வேண்டிய அவசியம் ஏதுமில்லை. நின்றார்கள்.

நம் கடைப் பையன் வண்டியேறிப் போகும்போது, அவன் வேகத்துக்கும், அந்த வேகத்துக்கு முன்னால் வந்து நிற்கிற எந்த உயிருக்கும் நடுவில் யாராவது நிற்க வேண்டுமானால், அது அவனை அனுப்புகிறவன்தான். வேறு யார் இருக்கிறார்கள்? சாலையில் காவலர் எல்லா இடத்திலும் இல்லை. பாலம் எல்லா இடத்திலும் கட்ட முடியாது. சிங்கப்பூரின் ஒரு பாலத்துக்கே ஒரு கோடி வெள்ளிக்கு மேல் ஆயிற்று. மலேசியாவில் உள்ள நம் சகோதரர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். 1982-இல் திறந்த கிரிக் – ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் இரவில் சரக்கு வண்டி அனுப்புகிறவர்களுக்கு மான் மட்டுமன்று, யானையும் தாப்பிரும் வழியில் நிற்கும். கறுப்பும் வெள்ளையுமான அந்தத் தாப்பிர் இருட்டில் கண்ணுக்குத் தெரிவதே அரிது.

இதைப் படிக்கும் சிலர் இப்போது தலையை ஆட்டுவது நமக்குத் தெரிகிறது. “பேசுவது எளிது பாய். அடுத்த கடைக்காரன் இருபது நிமிஷத்தில் கொடுக்கிறான். நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பையனே மெதுவாகப் போகச் சம்மதிக்க மாட்டான்.” இதற்கு நம்மிடம் முழுப் பதில் இல்லை. சின்னக் கடைக்கு ஒரு வாடிக்கை போவது எவ்வளவு பெரிய அடி என்பதும் அறிவோம். நாம் செய்ததை மட்டும் சொல்கிறோம். பொழுது சாய்ந்த பிறகு காட்டு வழியாகப் போகிற நடைக்கு, நடைக்கூலியை நிறுத்தி நாட்கூலியோடு சேர்த்தோம். மாலை 5 மணிக்குப் பிறகு கிராஞ்சிப் பக்கம் கேட்பவர்களிடம், “ஒரு மணி நேரமாகும், சம்மதமா?” என்று கேட்கிறோம். அந்தச் சமையல்காரர் சம்மதிக்கவில்லை. இப்போது வேறு கடையில் வாங்குகிறார். மாதம் அறுநூறு எழுநூறு வெள்ளி வியாபாரம் போயிற்று. வருத்தமில்லை என்று சொன்னால் பொய்யாகும். மாதக் கடைசியில் வருத்தமாகத்தான் இருக்கிறது. அவருக்கு இப்போது சாமான் கொண்டு போகிற பையன் எவ்வளவு வேகத்தில் போகிறானோ என்ற நினைப்பும் வருகிறது. அதற்கு நாம் என்ன செய்வதென்று இன்னும் விளங்கவில்லை.

தம்பிக்கு எலும்பு கூடி, மறுபடி வண்டி ஏறிவிட்டான். சென்ற மாதம் ஒரு நாள், உட்லண்ட்ஸில் ஒரு கலியாண வீட்டுக்குக் கணக்குப் பேசப் போக வேண்டியிருந்தது. வேன் பழுதாகிக் கிடந்தபடியால், இந்த வயதில் நாமே தலைக்கவசம் மாட்டிக்கொண்டு அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தோம். மண்டாய் ரோட்டில் மரங்கள் நெருங்கும் இடம் வந்ததும், நாம் ஒன்றும் சொல்லாமலே அவன் கைப்பிடியைத் தளர்த்தினான். கொஞ்ச தூரத்தில் இடது ஓரத்துப் புல்லில் இரண்டு பச்சைப் புள்ளிகள் மின்னின. அவன் வண்டியை ஓரமாக நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தினான். மான் ஒன்று காலெடுத்து வைத்து, நின்று, பார்த்து, மெல்லக் கடந்து போயிற்று. நாம் அவன் தோளைத் தட்டினோம், போகலாம் என்று.

“பொறுங்கள் முதலாளி, இன்னொன்று வரும்” என்றான்.

பின்னால் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. நம் சட்டைப் பையில் தொலைபேசி மணி ஒலித்தது, கலியாண வீட்டிலிருந்துதான். எடுக்கவில்லை. இரண்டாவது மான் வந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டியும் வந்தது. தம்பி அந்தப் பெரிய மானின் விலாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.